ஒரே வயிற்றுக்கு மூன்று படம்

என் அண்ணனுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தது தொண்ணூறுகளின் நடுவில். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கள்ளிக்குப்பத்தில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். முதல் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "படம் தெளிவா இல்ல, வேற இடத்துல எடுத்துட்டு வாங்க" என்றார். எடுத்தோம். அடுத்துப் பார்த்த டாக்டரோ, ஊசியில் மருந்து ஏற்றி எடுத்தால்தான் ரத்தக்குழாய் தெரியும் என்றார். அதையும் எடுத்தோம். ஒவ்வொரு முறையும் வெறும் வயிறு, இரண்டு பஸ், பெஞ்சில் அரை நாள். படம் மடங்கிவிடக் கூடாதென்று அந்தப் பெரிய கவரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பஸ்ஸில் நிற்பேன்.

கொரட்டூரிலிருந்து வந்த அண்ணியின் தம்பி படத்தை ஜன்னலில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணியும் இல்ல மாமா, சின்னதாத்தான் கீது" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது படத்தோடு போனபோது பெரிய டாக்டர் அண்ணனை வெளியே உட்காரச் சொன்னார். அண்ணன் நகரவில்லை.

"வயிறு என்னுது சார். என்னாண்டயே சொல்லுங்க."

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகி, பேனா முனையால் காட்டினார். "இது ஈரலுக்குள்ள போற பெரிய ரத்தக்குழாய். கட்டி இதுக்குள்ள நுழைஞ்சிருக்கு. இப்படி இருந்தா ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்ல. ஒரு வருஷம் தாண்டுறது கஷ்டம்."

"மார்ச்சுல பொண்ணுக்கு பத்தாவது பரீச்ச. அதுவரிக்கும் இருப்பனா?"

"அந்தளவுக்கு எல்லாம் படம் சொல்லாதுங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இதுக்காடா என்ன இவ்ளோ நாள் அலைய வெச்ச?"

நானா அலைய வைத்தேன்? படத்தை வாங்கிக் கவருக்குள் செருகினேன்.

மறுநாளே அண்ணியின் தம்பி, இன்னொரு இடத்தில் எடுத்துப் பார்க்கலாம் என்று வந்து நின்றான். வாசலிலேயே கத்தி அனுப்பினேன். அண்ணன் நடக்க முடிந்தவரை வேலைக்குப் போனார். மார்ச்சில் வயிற்றில் நீர் கோத்து, எழுந்து உட்காரவே முடியவில்லை. ஆனாலும் மகள் பரீட்சை முடிந்து வரும் ஒவ்வொரு நாளும், "இன்னா, எல்லாத்தியும் எழுதினியா?" என்று கேட்டார். கடைசிப் பரீட்சை முடிந்த மூன்றாம் வாரம் போய்விட்டார்.

நன்றாக நடமாடிக்கொண்டிருந்த மனுஷனின் இரண்டு மாதத்தைப் பெஞ்சுகளில் உட்காரவைத்தே தீர்த்தோம். மருந்து ஏற்றி எடுங்கள் என்று முதலிலேயே சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லையா? நானாவது வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கவரைத் தூக்கிக்கொண்டு, அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினேன்.