குங்குமத் தலைக்கு அம்மை

அண்டாவில் மிதந்த வேப்பிலையை இரண்டு கையாலும் அள்ளித் தரையில் போட்டாள் கனகா. தண்ணீர் மஞ்சளாக இருந்தது. இன்னொரு கொத்தை விலக்கியதும் மீன் தெரிந்தது. ஒருக்களித்துக் கிடந்தபடி வாயை மேலே நீட்டி மூச்சுக்குத் தவித்தது.

"அத்தை, இதை யாரு இதுல விட்டது?"

"நான்தான்" என்றாள் மாமியார் ராமுத்தாய். மீன்கொட்டகை வாசலில் வேப்பங்கொத்து செருகிக்கொண்டிருந்தாள். "மீனுக்கு அம்மை போட்டிருக்குத்தா. செவுள்ல முத்து முத்தா நிக்குது. மத்ததுக்கும் வந்துராதா? அதான் விடியக்காலமே தனியா எடுத்து வச்சேன். மஞ்சளும் கரைச்சு விட்டிருக்கேன். இன்னைக்கு வீட்ல தாளிக்காத."

"அது அம்மை இல்லத்தை. பொட்டையத் தேடுற நேரத்துல ஆம்பள மீனுக்கு வாரது. மீசை மாதிரி."

"மீசை வெள்ளையாவா மொளைக்கும்?"

"ஏன், ஒங்க மகனுக்கு மொளைக்கலையா?"

பல் தேய்த்துக்கொண்டிருந்த குருசாமி மேலுதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினான்.

கல்யாணத்துக்கு முன் கனகா சின்னாளபட்டி சுங்குடிச் சேலைகளுக்கு முடிச்சுப் போட்டவள். கடுகளவு துணியை நகத்தால் கிள்ளி நூல் சுற்றி இறுக்க வேண்டும். புருஷன் ஊரான அகரத்துக்கு வந்த பிறகு அந்த விரல்களுக்கு வேலை இல்லாமல் போனது. மகள் ஜீவிதாவுக்குப் பழனியில் பையில் கட்டி வாங்கிக் கொடுத்த இரண்டு தங்கமீன்களில் ஒன்று, போர்த் தண்ணீரை அப்படியே பிடித்து விட்டதில், அன்றே செத்தது. ஏன் செத்தது என்று கேட்டுக்கொண்டு திண்டுக்கல்லில் உள்ள வளர்ப்பு மீன் கடைகளுக்கெல்லாம் ஏறி இறங்கினாள். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். தண்ணீரை இரண்டு நாள் ஆறவிட்டுப் பார்த்தாள். மற்ற மீன் ஆறு வருடம் இருந்தது. இன்று மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் எட்டு சிமெண்டுத் தொட்டிகள். அதே கடைக்காரர்கள் இப்போது சந்தேகம் வந்தால் அவளுக்குப் போன் செய்கிறார்கள்.

வெள்ளை உடம்பும், தலையில் மட்டும் சிவப்பாகப் புடைத்த சதையும் கொண்ட மீனுக்குக் குங்குமத் தலை என்று அவள்தான் பெயர் வைத்தாள். சிவப்பு கன்னத்தில் இறங்கினாலும், வால் கோணலாக இருந்தாலும், குஞ்சிலேயே கழித்துவிடுவாள். ஆயிரத்தில் பத்து மிஞ்சும். அப்படி மூன்று தலைமுறை எடுத்தாள். போன சித்திரையில் காற்று மோட்டார் எரிந்து, ஒரே மதியத்தில் அந்த வகை அநேகமாக முழுக்கப் போனது. மிஞ்சியது ஒரு ஜோடி.

அந்த ஜோடியை நேற்று ஒரே தொட்டியில், நடுவில் வலை கட்டி விட்டிருந்தாள். பெண்ணின் வயிற்றை லேசாகத் தடவியபோது இரண்டு முட்டை விரலில் ஒட்டியது. காலையில் வலையை எடுத்தால் ஆண் துரத்தும், பெண் முட்டையிடும். இன்று இடாவிட்டால் முட்டை வயிற்றுக்குள்ளேயே கெட்டு, பெண்ணும் போகும்.

அண்டாவில் கிடந்த அந்த ஆண் மீனை ஆறிய தண்ணீருள்ள வாளிக்கு மாற்றிக் காற்றுக் குழாயைப் போட்டாள். அது நிமிர்ந்தது. நீந்தவில்லை. வெயில் ஓட்டுக்கு மேல் ஏறிவிட்டது.

"அடுத்த தொட்டியில கெடக்குற செவலை மீனை விடேன். அதுவும் ஆம்பளதான?" என்றான் குருசாமி.

"விடலாம். குஞ்சும் வரும். நீங்க கத்தரிக்குப் பதிலா சுண்டைக்காய் நடுங்க. அதுவும் காய்தான?"

அவன் வாய் கொப்பளிக்கப் போய்விட்டான்.

வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். காத்திருந்தால் ஆண் நாளைக்குத் தேறலாம். பெண் தாங்காது. கையால் அழுத்திப் பெண்ணின் முட்டையையும் ஆணின் விந்துப் பாலையும் எடுத்துக் கலந்துவிடலாம். வேறு மீன்களில் நான்கு முறை செய்திருக்கிறாள். ஆனால் இந்த நிலையில் அழுத்தினால் ஆண் பிழைப்பது சந்தேகம். மீனைப் பார்த்தாள். பிறகு எழுந்து கையைக் கழுவினாள்.

"அத்தை, அந்த வெள்ளைப் பீங்கான் தட்டைத் தொடச்சு எடுத்துட்டு வாங்க. சொட்டு ஈரம் இருக்கக் கூடாது."

ராமுத்தாய் தட்டோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பின்வாங்கினாள். "அம்மை கண்டதைப் போயி அமுக்குறதா? ஆத்தா கோவிச்சுக்குவாடி."

"கோவிச்சா என்கிட்ட கோவிக்கச் சொல்லுங்க. தட்டை ஆடாமப் பிடிங்க."

பெண் மீனை ஈரத்துணியில் பொதிந்து, பெருவிரலால் வயிற்றின் மேலிருந்து கீழே ஒரே சீராக இறக்கினாள். ஜவ்வரிசியைவிடச் சிறிய மஞ்சள் மணிகள் தட்டில் விழுந்தன. பிறகு ஆண். முதல் அழுத்தலில் ஒன்றும் வரவில்லை. விரலைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். மூன்று சொட்டுப் பால் வந்தது. கோழியிறகால் கலந்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றித் தட்டை இரண்டு முறை சுழற்றினாள். முட்டைகள் தட்டில் ஒட்டிக்கொண்டன.

"இம்புட்டுத்தானா?" என்றாள் ராமுத்தாய்.

"இம்புட்டுத்தான். சின்னத் தொட்டியில மெதுவா முக்கி வைங்க."

ராமுத்தாய் இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. பத்தரை மணிக்கு ஆண் மீன் செத்தது. கனகா அதைத் தென்னை மூட்டில் புதைத்தாள். பெண் மீன் வயிறு ஒட்டி, இரை எடுத்தது. தட்டில் ஏறக்குறைய எழுநூறு முட்டைகள் இருந்தன. முந்நூறு கருக்கூடாமல் வெளுத்திருந்தன. அவற்றை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அதற்கு மதியம் வரை ஆனது. மீதி தெளிவாக இருந்தன. குஞ்சின் கண்ணாகத் தெரியும் கரும்புள்ளி இன்னும் வைக்கவில்லை. திண்டுக்கல்லில் மீன் கடை வைத்திருக்கும் ரொனால்டு போன் செய்து குங்குமத் தலை எப்போது கிடைக்கும் என்று கேட்டார். ஐப்பசியில் வரச் சொன்னாள். மூன்று மணிக்குக் கரண்ட் போனது. நாலரைக்கு வரும்வரை, காற்று மோட்டாருக்குப் பதிலாக, அவளும் ராமுத்தாயும் மாறி மாறித் தொட்டித் தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.