பங்க் கிளாஸ் கலைஞர்கள்

போன மாதம் போர்ட் பிளேர் ஷாதிபூரில் ஒரு கடையில் தூண்டில் நரம்பு வாங்கிக்கொண்டு நின்றேன். மீன் பிடிக்க இல்லை, மாடியில் துணி காயப்போட. நான் கடலில் தூண்டில் போட்டால் மீன்களுக்குத்தான் பொழுதுபோகும். கடைக்காரர் சுருளைப் பிரித்து நரம்பை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். சத்தமே வரவில்லை. அதே நேரம் எதிர்ச்சுவரில் இருந்த போஸ்டர் கண்ணில் பட்டது: ‘லாஸ்ட் ஃபெர்ரி, மீண்டும் மேடையில்!’ கீழே நான்கு முகங்கள், மூன்றின் தலைமுடிக்குப் புதிதாக மை பூசியிருந்தது. நாலாவது தலையில் மை பூச ஒன்றும் மிச்சமில்லை.

சத்தம் வராத நரம்பும் லாஸ்ட் ஃபெர்ரியும் ஒரே நேரத்தில் எதிரே வந்தால் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். அவர் முகம் போஸ்டரில் இல்லை.

உங்களுக்கு லாஸ்ட் ஃபெர்ரியைத் தெரிந்திருக்க நியாயமில்லை. மெயின்லாண்டில் அவர்களை ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. ஆனால் நாங்கள் தலைநிறைய முடியோடு திரிந்த காலத்தில் போர்ட் பிளேரில் ராக் என்றால் அவர்கள்தான். வேறு யாரும் இல்லாததும் ஒரு காரணம். ‘ஜஹாஜ் கப் ஆயேகா’, அதாவது கப்பல் எப்போ வரும், என்று ஒரு பாட்டு. வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோரும் எங்கள் தீவு இந்தியில் தப்புத்தப்பாகச் சேர்ந்து பாடுவோம். ஆரம்பத்தில் பேஸ் கிட்டார் ‘தும் தும்’ என்று இரண்டு அடி அடித்துவிட்டு ஒரு கணம் வாயை மூடிக்கொள்ளும். அந்த இடைவெளியில் மொத்தக் கூட்டமும் ஒரு கைதட்டு. அப்புறம்தான் அடுத்த ‘தும்’. இன்றைக்கும் இங்கே கல்யாணப் பந்தியில் யாராவது மேசையில் ‘தும் தும்’ என்று தட்டினால் பக்கத்துப் பந்தியிலிருந்து கைதட்டு வரும்.

போஸ்டரில் இருக்கும் நால்வரும் நிரந்தர ஆட்கள், கேபின் கிளாஸ். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மற்றவர்களெல்லாம் பங்க் கிளாஸ். பங்க் என்றதும் தலைமுடியை முள்முள்ளாக நிறுத்தும் சங்கீதத்தையோ பெட்ரோல் போடும் இடத்தையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். மெயின்லாண்ட் கப்பலில் அடித்தளத்தில், அடுக்கடுக்காகக் கட்டில் போட்டு, எல்லோர் வாந்தியையும் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் இடம் பங்க். எங்கள் குழுவுக்கும் அப்படி ஆட்கள் வந்து போனார்கள். ஒரு கப்பலில் வந்து அடுத்த கப்பலில் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போன டிரம்மர், மேடையில் நின்றால்கூடக் கடல்மயக்கம் வரும் கீபோர்டுக்காரர், இப்படிப் பலர். “அவன் எவ்வளவு நாள் இருந்தான்?” என்று கேட்டால் “ரெண்டு கப்பல் இருந்தான்” என்போம். காலத்தை அளக்க எங்களிடம் வேறு கடிகாரம் இல்லை.

நானும் பங்க்தான். ஒரு மழைக்காலம் முழுக்க லாஸ்ட் ஃபெர்ரியில் பின்பாட்டுக்காரனாக இருந்தேன். அப்போது ஹேடோ துறைமுகத்தில் சரக்குச் சீட்டு எழுதும் தற்காலிக வேலை. சாயங்காலம் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கலைஞனாகிவிடுவேன். தலைமைப் பாடகர் பாபுதா. வங்காளிகள் அண்ணனுக்குச் சேர்க்கும் ‘தா’. அவர் முதல் நாள் என் குரலைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளில் தட்டி, “அரே தம்பி, தூ பஸ் மூஹ் ஹிலா” என்றார். நீ வாயை மட்டும் அசை என்று அர்த்தம். நான் அதை உச்சரிப்புப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில்தான் எங்கள் நிரந்தர பேஸ்காரர் தங்கை கல்யாணத்துக்குப் போன இடத்தில், கப்பல் பழுதாகிச் சென்னையிலேயே மாட்டிக்கொண்டார். அதே சமயம் கச்சால் தீவிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு வந்த ஓர் ஆள், திரும்பிப் போகக் கப்பல் இல்லாமல் ஹேடோவில் மாட்டிக்கொண்டார். அவர்தான் ரத்தினம் அண்ணன். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கிட்டார் வாசிப்பாராம். பேஸ்காரர் இடத்தில் அவரையே பிடித்து நிறுத்திவிட்டோம். பக்கத்தில் போனால் புகைபோட்ட ரப்பர் வாசம் வரும். புளித்த மோரையும் விறகுப் புகையையும் கலந்த மாதிரி ஒரு வாசம். ஒத்திகை அறை முழுக்க அதுதான். பாபுதா ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தார். ஊதுபத்திதான் தோற்றது.

அந்த நேரம் பார்த்து பேஸ் கிட்டாரில் ஒரு கம்பி அறுந்தது. புதுக் கம்பி சென்னையிலிருந்து வரவேண்டும், கப்பலோ பழுது. கிட்டார் மொட்டையாகத் தெரிந்தால் குழுவின் மானம் போகும் என்று பாபுதா அங்கே ஒரு தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினார். பார்வைக்கு நாலு கம்பி. ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு இரும்புதான் காதில் விழும், பிளாஸ்டிக் விழாது. பூஜைப் பந்தல் மேடையில் ரத்தினம் அண்ணன் ‘ஜஹாஜ் கப் ஆயேகா’ வாசித்தார். தும், தும், ஒன்றுமில்லை, தும். அவர் கை நிற்கவில்லை. நரம்பு பேசியதாகவே பாவித்து அடுத்ததற்குப் போய்விட்டார். முதல் வரிசையில் இருந்த ஓர் அம்மா, பாவம் ஏதோ விட்டுப்போச்சு என்று நினைத்தாரோ என்னவோ, அந்த இடத்தில் கையைத் தட்டினார். அடுத்த சுற்றில் அந்த வரிசை, அதற்கடுத்த சுற்றில் பந்தல் முழுக்க. லாஸ்ட் ஃபெர்ரி புகழ்பெற்றது அன்றைக்குத்தான்.

நிகழ்ச்சி முடிந்து வயர் சுற்றும்போது அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, தப்பா நெனக்கப்படாது. ஒங்க மைக்கு வயரு எதுலயும் சொருகாம கீழ சுருண்டு கெடக்குதுங்க.”

நான் வயரைப் பார்த்தேன். பாபுதா முதல்நாள் கடலைப் பார்த்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“விடுங்க தம்பி. என்னோட நரம்பும்தான் பேசல. ஆளுக கை தட்டலியா? நம்ம ரெண்டு பேரும் பேசாத ஆளுக.”

அதற்கு இணையான ஆறுதலை வாழ்க்கையில் வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை, என் பெண்டாட்டி உட்பட. சில நாளில் ரேடியோவில் கப்பல் செய்தி வாசித்தார்கள். கச்சால் கப்பல் கிளம்புகிறது என்றதும் அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு கப்பல் இருந்தார், அவ்வளவுதான். பிறகு நிரந்தர பேஸ்காரர் நல்ல கம்பிகளோடு வந்து, அந்த மௌனத்தைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார்.

போஸ்டரைப் பார்த்த கையோடு பாபுதாவிடம் போனேன். பங்க் ஆட்களையும் மேடையேற்ற வேண்டும் என்றேன். “இத்னா ஆத்மி? ஸ்டேஜ் டூபேகா!” என்றார். அத்தனை பேர் ஏறினால் மேடை மூழ்கிவிடுமாம். கடைசியில் என்னைத் தவிர ஒரே ஓர் ஆளைக் கொண்டுவரச் சம்மதித்தார். யாரை என்று யோசிக்கவே இல்லை. கச்சாலுக்குப் போன ஒருவரிடம் சொல்லியனுப்பினேன். பதில் வராததால் எப்படியோ நம்பர் பிடித்துப் போன் போட்டேன். அவர் மகள் எடுத்தாள்.

“ரத்தினம் அண்ணன் இருக்காராம்மா?”

“அப்பாவா? போயிட்டாருங்களே.”

“எப்பம்மா?”

“முந்தாநாத்து. சாயங்காலமே எடுத்துட்டாங்க.”

“ஒடம்புக்கு ஏதும்...?”

“ஒண்ணுமில்லீங்க. குளிச்சி புதுச்சட்ட போட்டு நல்லாத்தான் அனுப்பி வச்சோம். லயத்து அக்கம்பக்கத்து வீட்டு ஆளுக எல்லாம் வந்தாங்க. அம்மாதான் கொஞ்சம் அழுதிச்சி. நீங்க அங்க பாத்துக்குவீங்கல்ல...”

லைன் அறுந்தது. அங்கே போய் நான் பார்த்துக்கொள்ள இன்னும் கொஞ்ச காலம் ஆகட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷம் அவர் வாசித்த மௌனத்துக்கு ஊரே கைதட்டியிருக்கிறது. அவருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு கப்பல் முந்தியிருந்தால் சொல்லியிருக்கலாம்.

பாபுதா தலையில் கைவைத்தார். அந்த இடைவெளியை அன்று மட்டும் நீளமாக்கி அஞ்சலி செலுத்துவதென்று முடிவாயிற்று. படம் வேண்டுமே? அண்ணன் இருந்த ஒரே புகைப்படத்தில் அவர் பாதி முகத்தை என் முழங்கை மறைத்திருந்தது. பெரிதுபடுத்தினால் முழங்கையும் பெரிதாயிற்று. இரண்டுக்கும் சேர்த்து மாலை போட்டோம்.

மரைன் ஹில்லில் ஒத்திகை. மத்தியானம். நான் அஞ்சலி உரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு வயதானவர் கருவாட்டுப் பையோடு வந்து நின்று படத்தையே பார்த்தார்.

“என்னாங்க தம்பி, எனக்கா மால? இது யாரு முழங்கை?”

“என்னுதுண்ணே” என்றேன். வேறென்ன சொல்வது?

பாபுதா “பூத்!” என்று அலறி டிரம்முக்குப் பின்னால் போய்விட்டார்.

“பேய்தாங்க. பசியில வந்த பேய். நடுவுல கமோர்ட்டா தீவுல கப்பல நிறுத்திப்புட்டான், கடலு செரியில்லன்னு. மொதல்ல ஒரு டீ சொல்லுங்க.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சூடாக இருந்தது. கருவாட்டு வாசமும் கருவாட்டு வாசமாகவே இருந்தது. அத்தனை நாள் நெஞ்சில் நங்கூரம் மாதிரிக் கிடந்தது என்னவோ, அப்படியே கழன்று போயிற்று.

மகள் மேல் ஒரு தப்பும் இல்லை. என் தகவல் கிடைத்ததும் அப்பாவைக் கப்பலேற்றியிருக்கிறாள். கேட்டதற்கு, போயிட்டாரு, எடுத்துட்டாங்க என்றாள். எங்கள் தீவில் ‘போயிட்டான்’ என்றால் கப்பலேறிவிட்டான் என்றுதான் பொருள். ‘எடுத்தாச்சு’ என்றால் கப்பல் கிளம்பிவிட்டது. நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினோம். பிளேன் பழகிய பிறகு அந்த வார்த்தைகள் சுருங்கி, சாவுக்கு மட்டும் என்றாகிவிட்டன. கச்சாலுக்கு இன்னும் கப்பல்தான். அங்கே வார்த்தை இன்னும் உயிரோடு இருக்கிறது, அண்ணனைப் போலவே.

நிகழ்ச்சியன்று அண்ணன் கையில் நாலு கம்பியும் இரும்பாலான கிட்டார். ‘தும் தும்’ அடித்தார். மூன்றாவது அடிக்கு அவரே உள்ளங்கையால் கம்பியை அமுக்கிவிட்டார். அரங்கம் கைதட்டியது. அவர் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “இன்னுமா தட்டுறாங்க?” என்று உதட்டசைவில் கேட்டார். நான் ஆமென்று தலையாட்டிவிட்டு, குனிந்து என் மைக் வயரைப் பார்த்தேன். கீழே சுருண்டு கிடந்தது. நிம்மதியாகப் பாடினேன்.

மறுநாள் அண்ணனை வழியனுப்ப ஹேடோவுக்குப் போனேன். முன்பெல்லாம் மெயின்லாண்ட் கப்பல் கிளம்பினால் பாதி ஊர் கப்பல்துறையில் நிற்கும். யாருக்கு என்று பார்க்காமல் எல்லோரும் எல்லோருக்கும் கையாட்டுவோம். ஒரு கப்பல் இருந்துவிட்டுப் போகிறவனுக்குக்கூட ஊரே கையாட்டும். இப்போது ஏர்போர்ட் வாசலில் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிவிடுகிறோம். கண்ணாடிக் கதவுக்கு எவன் கையாட்டுவான்? அன்று நான் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினேன், என் முழங்கை இனி யார் முகத்தையும் மறைக்காதபடி தள்ளி நின்று.

வீடு வந்ததும் பெண்டாட்டி மாடியிலிருந்து, என் தூண்டில் நரம்புக் கொடியில் துணி போட்டபடி கேட்டாள்: “எங்க, ரத்தினம் அண்ணன்?”

“போயிட்டாரு!” என்று தெருவுக்கே கேட்கும்படி சந்தோஷமாகச் சொன்னேன்.

மெயின்லாண்டிலிருந்து புதிதாகக் குடிவந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் பதறி வெளியே வந்தார். “அடடா! நேத்துகூட மேடையில பாத்தேனே சார். எப்ப எடுக்குறாங்க?”

“எடுத்தாச்சு சார்,” என்றேன். “கரெக்ட் டைமுக்கு எடுத்துட்டான். இந்த வாட்டி கடலும் நல்லா இருக்கு.”