டேங்க் மூடியில் சந்தனம்

அந்த வண்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இத்தனைக்கும் வண்டிமேல் ஒரு குற்றமும் இல்லை.

சிதம்பரத்து மாமா, அம்மாவின் தம்பி, புது பைக் வாங்கியபோது பழையதைக் கடலூரில் இருந்த எங்களுக்குக் கொடுத்துவிட்டார். அதுவரை சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஆயுத பூஜையன்று வண்டியைத் தேய்த்துக் கழுவி, லைட்டிலும் டேங்க் மூடியிலும் சந்தனத்தை அப்பினார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பழைய சந்தனத்தின்மேல் புதுச் சந்தனம். அப்பாவின் பக்தியில் சிக்கனமே கிடையாது.

கொஞ்ச நாளில் வண்டி நிற்க ஆரம்பித்தது. சிறிது தூரம் ஒழுங்காக ஓடும், பிறகு விக்கி விக்கி அணைந்துவிடும். அப்பா டேங்க் மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று வண்டியை ஆட்டிப் பார்த்து, மூடிவிட்டு உதைப்பார். உடனே கிளம்பும். இன்னும் சிறிது தூரம் போய் மறுபடி நிற்கும். பிளக் மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. திட்டு மட்டும் தவறாமல் அம்மாவுக்கு விழுந்தது.

“உன் தம்பி ஓட்ட வண்டிய நம்ம தலையில கட்டிட்டான்டி. காயலாங்கடைக்குப் போடறத நமக்குக் குடுத்திருக்கான்.”

மாமா சிதம்பரத்தில் வீடு கட்டிக் குடிபோன அன்று, கூடப்பிறந்தவள் என்று அம்மாதான் பால் காய்ச்ச வேண்டும். சீக்கிரமே மூவரும் கிளம்பினோம். ஆலப்பாக்கத்தில் நின்றது. புதுச்சத்திரத்தில் நின்றது. பால் காய்ச்ச வாங்கிய புது வெண்கலப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா ரோட்டோரம் நின்றாள். மாமாவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, அப்பா எடுக்கவிடவில்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் முடிந்து, மாமாவின் மச்சினி பால் பொங்கவிட்டு, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா பந்திக்கு நடுவில் நின்று கத்தினார். மாமா தன் புது வண்டியின் சாவியை நீட்டினார். “கோவப்படாதீங்க மச்சான். இத வச்சிக்கிங்க, நான் அத ஓட்டிக்கறேன்.”

“பிச்ச போடறியாடா?” என்று அப்பா சாவியை வீசி எறிந்தார். கை நனைக்காமல் திரும்பினோம். வழியில் வண்டி நின்றபோதெல்லாம் அதை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அப்பாவையும்தான்.

மறுநாள் அம்மா ஈரத்துணியும் ஈர்க்குச்சியுமாக வண்டிமுன் உட்கார்ந்து, டேங்க் மூடியின் சந்தனத்தைச் சுரண்டினாள். அடியில் ஊசி நுழையுமளவு துளை ஒன்று அடைத்துக் கிடந்தது.

“மூடியத் தொறந்தா ஓடுது, மூடுனா நிக்குது. எண்ணெ டின்னுலகூட காத்துக்கு இன்னொரு ஓட்ட போட்டாத்தான எண்ணெ எறங்குது?” என்றாள். அப்பாவுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள். அவர் காதில் விழாதவர்போல் பேப்பரைப் புரட்டினார்.

வண்டி அதன்பிறகு நிற்கவே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா லைட்டுக்கு மட்டும் பொட்டு வைத்தார். ஆனால் மாமாவுக்கு ஒரு போன் போடவில்லை. எனக்கு ஆத்திரமாக இருந்தது. அம்மாவோ சந்தோஷமாக வளைய வந்தாள்.

“வண்டிதான் சரியாயிடுச்சில்ல. கோவம் தணிஞ்சதும் மாமா வூட்டுக்கு அவரே கூட்டிகினு போவாரு பாரு.”

கோபம் தணியவில்லை, ஏறியது. வண்டி எவ்வளவு நன்றாக ஓடியதோ அவ்வளவு கடுகடுவென்று இருந்தார். பொங்கலுக்கு முன்னால் குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவருக்கு அதை விற்றுவிட்டார். நிற்காமல் ஓடுகிற வண்டியை எதற்கு விற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வாங்கியவர் ஒரே உதையில் கிளப்பிக்கொண்டு போனார். வாசலில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிதம்பரத்தில் அத்தனை பேர் முன்னாலும் அழாதவள்.

வண்டி போய்விட்டதே என்று அழுகிறாள் என நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “வுடும்மா, மாமா வூட்டுக்குத்தான் பஸ்ஸு இருக்குதே” என்று தேற்றினேன்.