அப்பாவின் வண்டிக்கு நாங்கள் வைத்த விளக்குகள்

ஈயம் உருகும்போது மூக்குக்குள் சுருக்கென்று ஏறும் ஒரு புகை வாசம் உண்டு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான "லயத்தில்", எங்கள் வீட்டுச் சமையலறையில், அம்மா கருவாடு பொரிக்கும் வாசத்தோடு அது கலந்துகிடந்த ஒரு மழைக்காலத்தைப் பற்றித்தான், பிள்ளைகளே, உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரங்களுக்கு நடுவே வருடக்கணக்காக நின்று, அந்த இரைச்சலில் காது போய், வேலையும் போனவர். சும்மா உட்காரப் பிடிக்காமல், உடைந்த வேனின் இன்ஜினையும் பழைய ஜீப்பின் சக்கரங்களையும் சேர்த்துத் தானே ஒரு வண்டி கட்டினார். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் வெட்டிய முட்டைக்கோஸை, மண்பாதை வழியாக மேலே "லோரி" நிற்கும் இடத்துக்கு ஏற்றிவருவார். ஆனால் மேட்டில் இன்ஜின் கொதித்து முனகுவது அவருக்குக் கேட்காது. ஒருநாள் பாதி மேட்டில் வண்டி நின்று, பின்னால் உருளப் பார்த்தது.

"காது கேக்காத மனுசனுக்கு வண்டி எதுக்கு? இன்னொருவாட்டி நின்னுச்சுன்னா பழைய இரும்புக்குப் போட்டுருவேன் லா," என்றார் அம்மா. உதட்டசைவைப் பார்த்தே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை.

காதுக்குச் சொல்ல முடியாததைக் கண்ணுக்குச் சொல்லலாம் என்றவள், தொழிற்பள்ளியில் மின்சாரம் படித்த ஸ்டெல்லா அக்கா. பிஸ்கட் "டின்" மூடியில் நான் துளை போட்டேன். மோட்டார் சைக்கிளின் சிவப்பு விளக்கு ஒன்றை அதில் பொருத்தி, சூடேறினால் தானே எரியும்படி இன்ஜினிலிருந்து ஒயர் இழுத்து, ஈயம் உருக்கிப் பற்றவைத்தாள் அக்கா.

முதல் ஓட்டத்தில் நாங்களும் முட்டைக்கோஸ் மூட்டைகள் மேல் ஏறிக்கொண்டோம். மேட்டில் விளக்கு எரிந்தது. அப்பா அதைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், இன்னும் அழுத்தி மிதித்தார். ஆவி கிளம்பவும் அக்கா பாய்ந்து சாவியைத் திருப்பினாள்.

"எதுக்கும்மா ஆப் பண்ற? செவப்பு எரியுதுல்ல, நல்லாத்தானே ஓடுது!" என்று கத்தினார் அப்பா.

சிவப்பைப் பார்த்தால் யாரும் நிறுத்துவார்கள் என்று நினைத்து, நாங்கள் அவரிடம் எதுவும் சொல்லிவைக்கவில்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவர் வேலை செய்த தொழிற்சாலையில் இயந்திரம் ஓடினால் சிவப்பு, நின்றால் பச்சை. பச்சை எரிந்தால்தான் கிட்டே போய்க் கைவைக்கலாம்.

"அப்பாவ மாத்திக்கச் சொல்வோம்க்கா," என்றேன்.

"காதத்தான் அங்கயே விட்டுட்டு வந்துட்டாரு. கண்ணையுமாடா மாத்தச் சொல்ற? ஒயர மாத்து."

மாற்றினோம். மூடியில் ஒரு பச்சை விளக்கையும் சேர்த்தோம். உடைந்த வேனிலேயே ரிலே கிடைத்தது. கரண்டை ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தட்டிவிடும் சின்னப் பெட்டி அது. இன்ஜின் நலமாக ஓடும்வரை சிவப்பு. கொதித்தால் சிவப்பு அணைந்து பச்சை.

இந்த முறை அம்மாவே முன்னால் ஏறி உட்கார்ந்தார். "நானே பாக்குறேன்," என்றார். அதே மேட்டில் பச்சை எரிந்தது. அப்பா சட்டென்று வண்டியை நிறுத்தி, "ஆறட்டும், ஊரே கேக்குற மாதிரி மூச்சு வாங்குதுபோல," என்று சிரித்தார். அம்மா இறங்கி, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்தார். பிறகு மறுபடியும் ஏறி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பழைய இரும்புப் பேச்சு அதோடு முடிந்தது.

இன்று அந்த மண்பாதைக்குத் தார் போட்டாயிற்று; லயத்தை இடித்துவிட்டார்கள். அப்பா நோயில் படுத்த பிறகு வண்டியை வாங்கவந்த தோட்ட முதலாளி, விளக்குகளின் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். "பச்சைன்னா நிக்கணுமா? யாருக்கு லா இப்படிச் செஞ்சீங்க?" என்றபடி அந்த மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அவர் செய்தது சரிதான். வேறு யார் அதை நம்பி ஓட்டினாலும் வண்டி கெட்டுப்போயிருக்கும்.