ஒற்றைக் குச்சியும் கவட்டையும்

டயர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதலாம் என்பது எனக்குத் தெரியவந்தபோது வயது இருபத்திரண்டு. தெரிந்திருக்க வேண்டிய வயது பத்து. இடையில் பன்னிரண்டு வருடம் நான் கோபமாகவே இருந்தேன். வந்து போகிற கோபம் இல்லை, தீனி போட்டு வளர்த்த கோபம். கல்லூரியில் யாராவது பணக்காரர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ‘எங்கப்பாவுக்கு என்ன நடந்தது தெரியுமா?’ என்று ஆரம்பித்துவிடுவேன். கேட்டவர்களும் என்னோடு சேர்ந்து பல்லைக் கடித்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், குடோனில் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய ஒரு அட்டைப்பெட்டியின் மேல் அந்தச் சொல்லைப் பார்த்தேன். ஒய் இருக்க வேண்டிய இடத்தில் ஐ. அமெரிக்காக்காரன் அப்படித்தான் எழுதுவானாம். பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் வந்து, ‘கீ ரே, என்னடா, பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருக்காங்களா, இப்படி உக்காந்திருக்கே?’ என்று கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அப்பா வங்காளத்தில், டாலிகஞ்சில் ஒரு கராஜில் தகடு தட்டும் மிஸ்திரி. தாத்தா சேலத்துப் பக்கமிருந்து கார்டன் ரீச்சுக்குக் கப்பல் தகடு தட்ட வந்தவர். அப்பா கார்த் தகடு தட்டினார். இந்த வம்சத்தில் எதையும் தட்டாமல் வளர்ந்தவன் நான் ஒருவன்தான் என்பாள் அம்மா. ‘உன்னையாவது நாலு தட்டு தட்டியிருக்கணும்’ என்பதையும் சேர்த்துக்கொள்வாள். அப்பா பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. டாக்குரியாவில் ரயில் பாதையோரம் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டில், மின்சார ரசீதிலிருந்து மருந்துச் சீட்டுவரை எல்லாவற்றையும் வாசித்துச் சொல்பவன் நான். மூன்றாம் வகுப்பிலேயே எனக்கு அந்த வீட்டில் ஒரு அதிகாரம் வந்துவிட்டது. அதை நான் நல்லபடியாகப் பயன்படுத்தினேன் என்று சொல்ல முடியாது.

கராஜுக்கு ஒரு பணக்கார பாபு வந்தார், பழைய வண்டிகள் சேர்க்கிறவர். கார்டன் ரீச்சில் ஒரு குடோனிலிருந்து ஒரு பழைய பிக்கப் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து நிறுத்தினார். தாத்தா இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே அமெரிக்காவில் பிறந்து, கப்பலேறி வந்த வண்டி. பல காலம் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் சுமந்திருந்தது. கடைசியில் யாரோ அதன் பின்பக்கத்தில் வலையடித்துக் கோழி வளர்த்திருந்தார்கள். கதவைத் திறந்தால் இறகு பறந்தது.

‘ஒரிஜினலா வேணும் மிஸ்திரி. கம்பெனி வாசலை விட்டு வெளியே வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ, அப்படி. ஒரு ஆணி மாறக் கூடாது’ என்றார் பாபு.

அப்பா வீட்டில் வந்து அதை ஒரே சொல்லில் சொன்னார்: ‘இருந்தபடி’.

எட்டு மாதம் அந்தச் சொல் எங்கள் வீட்டில் குடியிருந்தது. மற்ற மிஸ்திரிகள் சொட்டையான இடத்தில் பட்டியை அப்பித் தேய்த்துவிடுவார்கள். அப்பா பட்டியைத் தொடவில்லை. தகட்டின் பின்னால் மரக்கட்டையை அண்டைகொடுத்து, முன்னால் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டியே நேராக்கினார். திருகாணித் தலையில் அந்தக் காலத்தில் ஒற்றைக் கீறல்தான், நட்சத்திரக் கீறல் கிடையாது என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லிக் பஜார் இரும்புக் குவியல்களில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்தார். அம்மா அந்த வண்டிக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள். ‘சக்களத்திக்கு இன்னைக்கு எண்ணெய் தேய்ச்சாச்சா?’ என்று கேட்டுவிட்டுத்தான் சோறு போடுவாள்.

அப்பா அப்படி மாய்ந்து மாய்ந்து உழைத்ததற்குக் காரணம் ஒரு அட்டை. குளிர்காலத்தில் பழைய வண்டிகளின் கண்காட்சி நடக்கும். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஒரு அட்டை நிற்கும். வண்டி பிறந்த வருடம், சொந்தக்காரர் பெயர், அதற்குக் கீழே வண்டியைச் செப்பனிட்டவர் பெயர். ‘உன் பேரும் இருக்கும் மிஸ்திரி. நடுவர் ஒரு குறை சொல்லக் கூடாது, அவ்வளவுதான்’ என்றிருந்தார் பாபு. ரேஷன் கார்டைத் தவிர வேறெதிலும் அப்பாவின் பெயர் அச்சாகி வந்ததில்லை. அதிலும் ஒரு எழுத்து குறைவு.

‘அட்டையில பேரு போட்டா தட்டுல சோறு தானா வந்து விழுமா?’ என்றாள் அம்மா.

‘நாளைக்கு இவன் புள்ள படிக்கும்ல’ என்றார் அப்பா, என்னைக் காட்டி.

வினை, ஓட்டுநர் கதவின் உட்புறத்தில் இருந்தது. நீலம், அதற்கடியில் சிவப்பு, அதற்கடியில் மூங்கில் கம்பெனிக்காரனின் மஞ்சள் என்று ஐந்து பூச்சுகளை உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தபோது, கடைசியாக அசல் பச்சை வந்தது. பச்சைமேல் வெள்ளையில் மூன்று வரி. எவ்வளவு பாரம் ஏற்றலாம், டயருக்கு எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று கம்பெனியே எழுதி அனுப்பியது. அப்பா அன்றைக்கு அதற்குமேல் தேய்க்கவில்லை. மெல்லிய பட்டர் பேப்பரை மேலே ஒட்டி, பென்சிலால் ஒவ்வொரு எழுத்தையும் அதன் கோணல்மாணலோடு படியெடுத்தார். புதுப் பூச்சு அடித்தபின் அதே இடத்தில் அதே எழுத்தை அட்டையில் வெட்டி, அச்சாகப் பதிக்க வேண்டும். எழுத்துக்காரனைக் கூப்பிடலாம் என்று கராஜில் சொன்னார்கள். அப்பா விடவில்லை. ‘எழுதுறவன் அவன் கையெழுத்தைப் போடுவான். எனக்குப் படிக்கத் தெரியாது, நான் இருந்தபடி போடுவேன்’ என்றார்.

அந்த வாரம் ஆங்கில டிக்டேஷனில் எனக்கு ஒரு மதிப்பெண் போயிருந்தது. டயருக்கு ஐ போட்டிருந்தேன். டீச்சர் என் காதைத் திருகி, ‘ஐ போட்டால் களைத்துப்போவது, ஒய் போட்டால் சக்கரம்’ என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். காது இரண்டு நாள் எரிந்தது.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு கராஜுக்குப் போனேன். அப்பா பட்டர் பேப்பரை மடியில் விரித்து அட்டை வெட்ட உட்கார்ந்திருந்தார்.

‘என்ன எழுதியிருக்கான் கண்ணு? படி பாப்போம்.’

படித்தேன். இரண்டாவது வரியில் என் காது மறுபடி எரிந்தது.

‘அப்பா, தப்பா எழுதியிருக்காங்க. இது ஒய் வரணும்.’

‘கம்பெனிக்காரன் தப்பா எழுதுவானா?’

‘எழுதியிருக்கானே!’ பென்சிலைப் பிடுங்கி அட்டையில் சரியாக எழுதிக் காட்டினேன்.

அப்பா என் எழுத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுத்து அவருக்குப் படம்தான். ஆனால் ஒரு படத்தை ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டார். ‘இங்க ஒத்தக் குச்சிதான் நிக்குது. நீ கவட்டை போட்டிருக்கியே?’ என்றார்.

‘கவட்டைதான் சரி.’

‘இருந்தபடி போடணும்னு பாபு…’

‘உனக்குப் படிக்கத் தெரியுமா?’ என்று கத்தினேன்.

பக்கத்தில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தத் தொனிக்கு மொழி வேண்டியதில்லை. அப்பா பட்டர் பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நான் எழுதிய அட்டையை எடுத்து, கவட்டையின் இரண்டு கைகளையும் பிசிறில்லாமல் வெட்டினார்.

கண்காட்சியன்று காலை, அம்மா சொம்பில் வெந்நீர் ஊற்றி அப்பாவின் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். நான்காக மடித்த காகிதம் ஒன்று அதன் பையில் இருந்ததைப் பார்த்து, ‘இது என்ன குப்பை?’ என்று எறியப் போனாள். ‘வை, வை’ என்று வாங்கி மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார். ஏதோ மல்லிக் பஜார் சீட்டு என்று நினைத்தேன்.

மைதானத்தில் பனி விலகாத வெயிலில் எங்கள் பிக்கப் நின்றது. எங்கள் என்றுதான் வாயில் வருகிறது. அந்தப் பச்சையில் என் முகம் தெரிந்தது. முன்னால் அட்டை.

‘இதுல எது நான்?’ என்று அப்பா கேட்டார்.

அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கடைசி வரியில் வைத்தேன். தொடாமல், ஒரு நூல் இடைவெளி விட்டு, பெயர் முடிகிறவரை விரலை ஓட்டினார். மூன்று தரம் ஓட்டினார்.

பதினொரு மணிக்கு நடுவர் வந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் பூதக்கண்ணாடி. அடியில் படுத்துப் பார்த்தார், திருகாணித் தலைகளைப் பார்த்தார், பாபுவின் முதுகில் தட்டினார். கடைசியில் ஓட்டுநர் கதவைத் திறந்தார். குனிந்தார். சிரித்தார். தன் போனில் இதே மாதிரி வேறொரு வண்டியின் படத்தை எடுத்து பாபுவுக்குக் காட்டி, ஆங்கிலத்தில் கடகடவென்று என்னவோ சொன்னார். எனக்கு அதில் பிடிபட்ட ஒரே சொல் ‘மிஸ்டேக்’. முதல் பரிசு பக்கத்து வண்டிக்குப் போயிற்று.

‘கே லிகேச்சே?’ என்றார் பாபு. யார் எழுதினது?

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. காகிதத்தின் ஒரு முனை வெளியே வந்தது. அந்தச் சமயம் பார்த்து நான் முன்னால் பாய்ந்து, ‘தப்பே இல்லை! ஒய்தான் சரி! எங்க டீச்சர் சொன்னாங்க!’ என்று வங்காள மொழியில் கத்தினேன். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ‘ஓஹோ, பண்டிதர் இவர்தானா?’ என்றார் பாபு, என்னை மேலும் கீழும் பார்த்து.

அப்பா என்னைப் பார்த்தார். காகிதம் உள்ளே போய்விட்டது. என் தோளை அழுத்திப் பின்னால் தள்ளி, ‘சின்னப் பையன் பாபு, அவனுக்கு என்ன தெரியும்? ஆமார் தோஷ்’ என்றார். தோஷம் என்னுடையது. ‘எழுத்து தெரியாத கை, கோணிப்போச்சு.’

அவனுக்கு என்ன தெரியுமா! எனக்கு அழுகை வந்த கோபம் அது. சரியாக எழுதியதைத் தப்பு என்று ஒத்துக்கொள்கிற மனிதனை எனக்கு அப்பா என்று கூப்பிடவே பிடிக்கவில்லை.

‘எழுதத் தெரியாதவன் எழுத்தைத் தொடலாமா? மதராஸி கையில சுத்தியலைத்தான் குடுக்கணும். பிரஷ்ஷைக் குடுத்த என்னைச் சொல்லணும்’ என்ற பாபு, நடுவரின் பேனாவை வாங்கி அட்டையின் கடைசி வரியில் ஒரு கோடு போட்டார். நிதானமாக, ஸ்கேல் வைத்ததுபோல நேராக.

இன்றைக்கு எனக்கு எழுத்துப் பிழை யாருடையது என்று தெரியும். தெரிந்தும் அந்தக் கோட்டை என்னால் மன்னிக்க முடியவில்லை. எட்டு மாதம் தட்டிய தகடு அப்படியே இருந்தது. பொறுக்கிய திருகாணிகள் அத்தனையும் இருந்தன. ஒரு எழுத்துக்காக ஒரு மனிதனை மொத்தமாக அடித்துவிட்டு, அவன் நேராக்கிய கதவைப் படீரென்று சாத்திக்கொண்டு போனார் அந்த ஆள். கதவு கச்சிதமாக மூடியது. எந்த ஊர் ஸ்பெல்லிங்கும் அதை நியாயமாக்காது.

மைதானத்துக்கு வெளியே சுவரோரம் ஒரு டீக்கடை. அப்பா இரண்டு டீ வாங்கினார். எனக்குப் பிஸ்கட்டும். நான் வாங்கவில்லை.

‘பேரு மேல கோடு போட்டாரே, அது எதுக்கு கண்ணு? நல்லா எழுதினா உங்க டீச்சரு கோடு போடுவாங்கன்னு சொல்லுவியே.’

‘அது கீழ போடுறது. இது குறுக்கால. உன் பேரை அடிச்சிட்டாரு’ என்றேன். வலிக்கட்டும் என்றேதான் சொன்னேன்.

அப்பா டீயை ஊதினார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

‘உங்க டீச்சர் சொன்னது நெசந்தானே? கவட்டைதானே?’

‘சத்தியமாப்பா. நான் எழுதினதுதான் சரி.’

‘அப்பச் சரி’ என்றார்.

இந்த ஊரில் டீ குடித்ததும் மண்குவளையைத் தரையில் எறிந்து உடைப்பார்கள். அப்பா எப்போதும் சுவரோரம் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வருகிறவர். அன்றைக்குப் பையிலிருந்த காகிதத்தை எடுத்தார். பிரிக்கவில்லை. கசக்கிக் குவளைக்குள் திணித்து, சுவரில் ஓங்கி அடித்தார். குவளை சிதறியது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடைசியில் அப்பாவுக்கும் கோபம் வந்துவிட்டது, பாபுமேல் கோபம் வந்துவிட்டது என்று அவ்வளவு சந்தோஷம். என் குவளையையும் அதே இடத்தில், அவரைவிட வேகமாக எறிந்தேன். ஓடுகளுக்கு நடுவே மிச்ச டீயில் ஊறி, காகிதம் மெல்ல விரிந்துகொண்டிருந்தது. உள்ளே அப்பா படியெடுத்த பென்சில் கோடுகள் தெரிந்தன. குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் இருவரில் படிக்கத் தெரிந்தவன் நான்தான்.