ஐந்தும் போட்டால்தான் ஆமை

எக்ஸ்ரே அம்மாவுக்குப் பயம் கூடப் பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். இருபத்திரண்டு வருடமாக ஒரு சின்ன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறாள். கதிர் படாமலிருக்க ஈய அங்கி, கழுத்துக்கு ஈயப் பட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு, போதாக்குறைக்குச் சுவருக்குப் பின்னாலும் போய் நின்றுகொள்வாள். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண், "என்னக்கா, போருக்குக் கெளம்பிட்டீங்களா?" என்று கேலி செய்வாள். "உனக்கென்ன, நீ சீட்டு எழுதற ஆளு" என்பாள் இவள்.

இப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பூதங்களோடு சண்டை போடுகிறாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எல்லாம் மகளால் வந்தது. மகள் வேறு தேசத்துக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம். போனில் கூப்பிட்டால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "சரி, வெக்கறேன்" என்பதோடு சரி. ஆனால் விளையாட்டில் கை வேலையாக இருந்தால் மகளுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். பூதத்தை வெட்டிக்கொண்டே, மேலாளர் எல்லார் முன்னாலும் திட்டியதைச் சொல்வாள். கழிப்பறைக்குள் போய் அழுததையும் அப்படி ஒருநாள் சொன்னாள். போனில் இதையெல்லாம் சொல்வாளா? அந்த இரண்டு மணி நேரம்தான் அம்மாவுக்கு மகள் கிடைக்கிற நேரம்.

அந்த விளையாட்டில் ஒரே உயிர். செத்தால் அந்த ஆள் அழிந்துவிடும். மறுபடி ஒன்றாம் நிலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இருவரும் அறுபதாம் நிலைக்கு வர இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் பேச்சுவாக்கில் மகள், "இனிமே செத்தா நான் திரும்ப ஆரம்பிக்க மாட்டேம்மா. யாருக்கு நேரம் இருக்கு?" என்றாள். அவளுக்கு அது சாதாரணப் பேச்சு. அன்றோடு விளையாட்டு இவளுக்கு விளையாட்டாக இல்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த விளையாட்டில் ஆமை செட் என்கிற கவசத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தலைக்கு, மார்புக்கு, கைக்கு, தொடைக்கு, பாதத்துக்கு என்று ஐந்து உருப்படி. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தேறாது. ஐந்தையும் சேர்த்துப் போட்டால், உயிர் போகிற அடி விழும்போது ஒரே ஒரு தடவை ஒரு சொட்டு உயிர் மிஞ்சும். நாலு போட்டால் மிஞ்சாது. மகளின் கட்சி வேறு. தலைக்கு ஒரு காட்டில், காலுக்கு ஒரு மலையில் என்று எது உசத்தியோ அதைத் தேடித் தேடி மாட்டிக்கொள்வாள். நிறத்துக்கு நிறம் ஒட்டாது. கொடியில் கைக்கு வந்த துணியை எல்லாம் உருவிப் போட்டுக்கொண்டவள் மாதிரி இருப்பாள்.

"செட்டுங்கறது சோம்பேறிங்களுக்கும்மா. ஒவ்வொண்ணா தேடிப் போடணும்."

"சோம்பேறின்னே பேர் வரட்டும். உசிரு இருந்தாப் போதும்."

நெருப்புக் குகைக்குப் போகிற ஞாயிறு வந்தது. உள்ளே இருக்கிற பல்லிப் பூதம் ஓயாமல் அனலைக் கக்கும். ஆமை செட் மிச்சம் வைக்கிற ஒரு சொட்டு உயிர் அங்கே அடுத்த நொடியே பொசுங்கிவிடும். அதனால் மகள் மூன்று சிவப்புக் கவசங்களைத் தேடி எடுத்து அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள். மார்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று. மூன்றையும் போட்டால்தான் அந்த அனலைத் தாங்க முடியும்.

இவள் ஆமை மார்க்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிவப்பைப் போட்டாள். அடுத்தது கையுறை. கழற்ற மனம் வரவில்லை. ஆமை நாலு இருக்கிறதே, கொஞ்சமாவது காப்பாற்றாதா என்று ஒரு நப்பாசை. பயம் வந்துவிட்டால் கணக்கு எங்கே சரியாக வரும்? நாலு போட்டால் மிஞ்சாது என்று நன்றாகத் தெரிந்தவள்தான்.

"மூணையும் மாத்திட்டியாம்மா?"

"ம்."

அப்படியே உள்ளே போனாள். ஆமையும் இல்லாமல் நெருப்புக்கும் ஆகாமல், ரெண்டுங்கெட்டானாக.

பூதம் வாயைத் திறந்தது. இவளுடைய உயிர்க்கோடு மளமளவென்று சரிந்தது.

"ஏன் இப்படிக் கொறையுது? மூணும் போட்டியா, இல்லையா?"

"ஒண்ணுதான்டி போட்டேன்."

மகள் முன்னால் வந்து அம்மாவை மறைத்துக்கொண்டு நின்றாள். "வெளிய ஓடும்மா."

"நீ?"

"ஓடுன்னு சொல்றேன்ல."

ஓடினாள். குகை வாசலில் திரும்பிப் பார்த்தபோது, திரை ஓரத்தில் மகளின் பெயர், செத்த ஆளுக்கு ஆகிற மாதிரி, சாம்பல் நிறமாகியிருந்தது. ஹெட்போனில் மகள், "பரவால்லம்மா, விடு. எனக்கும் வேலை ஜாஸ்தியாயிடுச்சு. அடுத்த வாரம் போன்ல பேசிக்கலாம்" என்றாள்.

மூன்று ஞாயிறுகள் போனில் போயின. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வெக்கறேன். மகளின் குரல் கம்மியிருந்தது. என்ன என்று கேட்கப் பயம். கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று இன்னும் பயம். கழிப்பறைக்குள் இன்னும் அழுகிறாளா? யாரிடம் சொல்கிறாள்? மருத்துவமனையில் ஒருவரை எக்ஸ்ரே தட்டுக்கு முன்னால் நிறுத்தி, "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று சொல்லிப் படமும் எடுத்துவிட்டு, "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டாள். அந்த மனிதர் முகம் சிவந்து, "விடலாமாம்மா?" என்று கேட்ட பிறகுதான் இவளுக்கு நினைவு திரும்பியது.

நாலாவது ஞாயிறு பத்து மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். இவளுடைய ஆள் குகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அறுபதாம் நிலை, பக்கத்தில் யாரும் இல்லை. இந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விட்டாலும் மகள் வராமல் போனால் இதுவும் போச்சு, அதுவும் போச்சு. சிவப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு ஆமை ஐந்தையும் பழையபடி மாட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் விளையாட்டு "நிச்சயமாகவா?" என்று கேட்டது. ஐந்து தடவையும் "ஆம்" என்பதை அழுத்தினாள். வெறும் ஆளாக உள்ளே நடந்தாள். சாக ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

புதிதாக ஒரு ஆளை உண்டாக்கினாள். சாக்குத் துணி உடுப்பு, கையில் ஒரு குச்சி. மகளுக்குச் செய்தி அனுப்பினாள்: "நானும் செத்துட்டேன். ஒண்ணாம் நெலைல கெணத்துகிட்ட நிக்கறேன்."

பதினொன்றே கால் ஆயிற்று. பதில் இல்லை. பதினொன்றரை. கெட்டது குடி என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து போய் வாசல் பூட்டை இழுத்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அப்போதுதான் ஹெட்போனில் குரல் வந்தது.

"எப்படிம்மா செத்த? ஆமை செட் இருந்துச்சே?"

"ஒண்ணு கழண்டு போச்சு."

"அது தானா கழலாதும்மா."

இவள் தன் ஆளைக் கிணற்றைச் சுற்றி நடக்க விட்டாள்.

"எத்தனை கழட்டின?"

"அஞ்சும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "கெணத்த விட்டு எங்கயும் போயிடாத," என்றாள் மகள், "ஒரு விஷயம் சொல்லணும்."