ஒரு பக்கம் சாயும் முத்துச்சரம்

அந்த நகைக்கடையின் இரண்டாவது மாடியில் முத்துப் பிரிவைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மூக்குக்கண்ணாடி போட்டவள் இல்லை. சரம் வாங்க வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே மேஜைமேல் இருக்கும் வட்டக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். அதனால் வந்த பெயர்.

"முதல்ல நான் பார்க்கறேன், அப்புறம் நீங்க பாருங்க. கண்ணாடியைக் கண்டதும் எல்லாரும் மூச்சை இழுத்துக்கிட்டு நிமிர்ந்துடறாங்க. வீட்டுல யாரும்மா அப்படி நிக்கறா?" என்பாள்.

நீள முத்துச்சரம்தான் அவளுடைய ராஜ்ஜியம். வயிறு வரை இறங்குகிற சரம் எல்லோருக்கும் எடுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மாடியேறி வருகிறவர்களை அவள் அவ்வளவு எளிதில் விடமாட்டாள். எழுந்து நடக்கச் சொல்லுவாள், குனியச் சொல்லுவாள். முத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் அவர்களுடைய மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்ப்பாள். ரோஜா நிறம் ஓடுகிற முத்து ஒருத்தியின் முகத்துக்குக் களை கொடுக்கும். அதே முத்து பக்கத்தில் நிற்பவளைக் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள்போல் காட்டிவிடும். கழுத்தை மூடிய உடைக்கு இரண்டு சுற்று, ஒன்று மேலே ஒன்று கீழே. வெறும் வட்டக் கழுத்து என்றால் ஒற்றையாகத் தொங்கவிட்டு நெஞ்சுக்குக் கீழே ஒரு முடிச்சு. குள்ளமானவர்களுக்கு முடிச்சை இன்னும் மேலே ஏற்றுவாள். இதெல்லாம் நகைக்கடையில் கற்றதில்லை. இங்கே வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு தையற்கடையில் துணி வெட்டியவள் அவள். எந்தக் கழுத்துக்கு எவ்வளவு இறக்கம் என்பது அவள் கைக்குத் தெரியும்.

அவளுக்குக் கல்யாணமும் இந்தக் கடையில்தான் கூடிவந்தது. அப்போது அவளுக்கு நாற்பது வயது. லிப்ட் பழுது பார்க்க வந்தவருக்கு முப்பத்தேழு. அந்த வருடம் லிப்ட் ஐந்து முறை நின்றது. முதல் இரண்டு முறை அதுவாக நின்றது என்றும், மற்ற மூன்று முறை யார் நிறுத்தினார்கள் என்பது முதலாளியைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்றும் மோதிரப் பிரிவில் இருப்பவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணத்தன்று நேர்ந்த ஒன்றுதான் கண்ணாடியக்காவின் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. கணவருக்கு ஒரே அக்கா. பெரிய மருத்துவமனை ஒன்றில் தலைமை நர்ஸ். தாய் தகப்பன் போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அங்கே டாக்டர்கள்கூட அவளைப் பெரிய சிஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். அன்று அவள் கழுத்தை ஒட்டிய ஐந்து வரிசை நகை ஒன்று போட்டுக்கொண்டு வந்திருந்தாள். புது மணப்பெண் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. "இது உங்களுக்கு எடுபடல அண்ணி. கழுத்தைக் குட்டையாக் காட்டுது" என்று சொல்லிவிட்டாள். நாத்தனார் நகையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். விருந்து முடியும்வரை வெறுங்கழுத்தோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அதன்பின் ஒன்பது வருடமாகத் தம்பியோடு பேச்செல்லாம் தொலைபேசியில்தான். அவன் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை காற்று வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், லிப்டிலிருந்து இறங்கி நேரே முத்துப் பிரிவுக்கு வந்து நின்றாள். "வாங்க அண்ணி" என்று கண்ணாடியக்காவின் வாய் தானாகச் சொன்னது.

"நான் வாடிக்கையாளரா வந்திருக்கேன்."

"எப்படி வந்தாலும் அண்ணிதானே. உட்காருங்க."

நாத்தனார் உட்கார்ந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள். "அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு வழியனுப்பு விழா. முப்பத்தி நாலு வருஷம் கழுத்துல ஒண்ணும் போடாம வேலை பார்த்தாச்சு. வார்டுல சங்கிலிகூடக் கூடாது. ஒருநாளாவது நீளமா ஒண்ணு போட்டுக்கிட்டு மேடையில நிக்கணும்னு தோணுது. இதுல சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"நான் எங்க அண்ணி சிரிச்சேன்?"

"சிரிக்கப்போறியோன்னு சொன்னேன்."

மேலே போட்டிருந்த கோட்டைக் கழற்றினாள். விழாவுக்கென்று தைத்த கருநீலக் கவுனைப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். கண்ணாடியக்கா வழக்கம்போல் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். பால்வெள்ளை வேண்டாம், கொஞ்சம் மஞ்சள் ஓடிய முத்துதான் இந்த நீலத்துக்கும் இந்த நிறத்துக்கும் சரி என்று ஒரு சரத்தை எடுத்து அணிவித்தாள். எழுந்து நான்கு எட்டு வைக்கச் சொன்னாள். நான்காவது எட்டில் சரம் இடப்பக்கம் நகர்ந்தது. நேராக்கிவிட்டாள், மறுபடியும் நகர்ந்தது. கனமான சரம் ஒன்றை எடுத்துப் போட்டாள். அது இன்னும் சீக்கிரமாகச் சாய்ந்தது.

"மூணு கடையில பார்த்துட்டேன். எல்லா இடத்துலயும் இதே கதைதான்" என்றாள் நாத்தனார் எரிச்சலோடு. "கொக்கி சரியில்லன்னு ஒருத்தன், நான் கோணலா நடக்கறேன்னு ஒருத்தன். கடைசியில வேற வழியில்லாமத்தான் இங்க வந்தேன்."

பேசும்போதே அவளுடைய வலக்கை கவுனின் இடப்பக்கத்தை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டது. சற்று நேரத்தில் மறுபடியும் இழுத்தது. அந்த இழுப்பைக் கண்ணாடியக்கா முன்பே பார்த்திருக்கிறாள். தையற்கடைக்கு வந்துகொண்டிருந்த ஒரு அம்மாள், மார்பில் ஒன்றை ஆபரேஷனில் எடுத்துவிட்ட பின், சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துத் தரச் சொல்வாள். இப்படியேதான் இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பாள்.

கண்ணாடியக்கா எதையும் முகத்தில் காட்டவில்லை. எதிரே மோதிரப் பிரிவில் நின்றவளைப் பார்த்து, "கூட்டம்தான் இல்லையே, கீழ போய் டீ குடிச்சிட்டு வாயேன்" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து வராத உபசாரம். மற்றவள் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

பின்பு சரத்தோடு மல்லுக்கு நிற்பதைக் கண்ணாடியக்கா விட்டுவிட்டாள். அது எந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறதோ அந்தப் பக்கமே போகட்டும். இருப்பதிலேயே நீளமான சரத்தை எடுத்து, சின்ன வெள்ளி ஊசி ஒன்றால் இடத் தோளில் நிறுத்தினாள். அங்கிருந்து ஒரு வரி குறுக்கே நெஞ்சைக் கடந்து வலப்பக்கம் போயிற்று. மிச்சத்தை இடப்பக்கத்திலேயே தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு இரண்டு வரியாகத் தொங்கவிட்டாள். வெறுமையாகத் தெரிந்த இடம் முத்தால் நிறைந்தது. "நடங்க அண்ணி" என்றாள். அவள் ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தாள். சரம் இருந்த இடத்தில் இருந்தது.

அதற்கப்புறம்தான் கண்ணாடியைத் திருப்பினாள்.

நாத்தனார் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குள் தெரிந்த தம்பி மனைவியிடம், "உனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

"பன்னெண்டு வருஷம் துணி வெட்டினவ அண்ணி நான்."

"ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷமாச்சு. பயிற்சிக்கு வெளியூர் போறேன்னு உன் வீட்டுக்காரன்கிட்ட சொன்னேனே, அப்போ."

"தனியாவா?"

"என் வார்டுப் பொண்ணுங்க மாத்தி மாத்தி இருந்தாங்க. எத்தனை பேருக்குக் கையைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். எனக்குன்னு வந்தப்போ தம்பிகிட்ட சொல்ல வாய் வரல. அவன் அழுவான். அவன் அழுதா என்னால தாங்க முடியாது." கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ எதுக்கு அழுவுற? முத்துல கண்ணீர் படப்போகுது."

"அன்னிக்குக் கல்யாணத்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணி."

"நீ சொன்னது சரிதான். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தேன். குட்டையாத்தான் காட்டிச்சு. அதான் கோபமே."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். டீ குடித்துவிட்டு மேலே வந்த மோதிரப் பிரிவுக்காரி, இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பதைப் பார்த்து, வந்த வழியே இன்னொரு டீக்கு இறங்கிப் போனாள்.

"நான் அவர்கிட்ட மூச்சு விடமாட்டேன்" என்றாள் கண்ணாடியக்கா. "ஆனா ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க. நீங்களே சொல்லுங்க. நான் சமையலறையில பாத்திரத்தை உருட்டிக்கிட்டு இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கண்ணாடியக்கா சொன்னபடியே பாத்திரத்தை உருட்டினாள். அக்கா சொன்னதைக் கேட்டுத் தம்பி முதலில் அழுதார். பின்பு, "நான் என்ன செத்தா போயிட்டேன்? ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று கத்தினார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனவர், லிப்ட்காரராக இருந்தும் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் ஏழு மாடியையும் படியில் இறங்கி, ஏறி, மூச்சு வாங்கத் திரும்பினார். உட்கார்ந்து, மீனில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து அக்காவின் தட்டில் வைத்தார். "இதை முடி முதல்ல. எலும்பும் தோலுமா வந்து நிக்கறே" என்றார். அவள் முள்ளை ஒதுக்கிவிட்டு முழுவதையும் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை விழாவுக்குக் கண்ணாடியக்கா கடைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். நர்ஸ்கள் உடைமாற்றும் அறையில் வைத்துத் தன் கையாலேயே சரத்தைத் தோளில் நிறுத்தினாள். மேடையில் மூன்று பேர் நீளமாகப் பேசினார்கள். பெரிய சிஸ்டர் நான்கே வரி பேசினாள். ஆனால் பேசி முடிக்கும்வரை அவள் கை ஒருமுறைகூடக் கவுனை இழுத்துவிடவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு மற்ற எதுவும் காதில் விழவில்லை.

அடுத்த வாரம் இளம் நர்ஸ்கள் நான்கு பேர், "பெரிய சிஸ்டர் போட்டிருந்த மாதிரி ஒரு பக்கமா வேணும்" என்று வந்து நின்றார்கள். புது மோஸ்தர் என்று நினைத்துக்கொண்டார்கள் பாவம். அதற்கடுத்த மாதம் ஒரு பெண் தனியாக வந்தாள். நாற்காலியில் உட்காராமல், சட்டையின் ஒரு பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "பெரிய சிஸ்டர் அனுப்பினாங்க" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. கண்ணாடியக்கா முதலாளியிடம் போய் மூலையில் ஒரு திரை வேண்டும் என்றாள். இடம் எங்கே இருக்கிறது என்று அவர் முனகினார். இரண்டு நாள் முனகிவிட்டு, மூன்றாம் நாள் நல்ல கனமான துணியில் திரை போட்டுக்கொடுத்தார்.

நாத்தனார் இப்போது வாரம் இரண்டு முறை தம்பி வீட்டுக்கு வருகிறாள். சரத்தையும் கழற்றுவதில்லை. காய் வாங்கப் போனாலும் அது கழுத்தில் இருக்கிறது, பல் டாக்டரிடம் போனாலும் இருக்கிறது.

"ஏங்க அண்ணி, தினமுமா போடறது? பட்டு நூல் நைஞ்சுபோகும்" என்று கண்ணாடியக்கா ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"நைஞ்சா கோத்துக்குடு. வீட்டுலயே ஆளை வச்சுக்கிட்டு நான் எதுக்குக் கவலைப்படணும்?" என்று சொல்லிவிட்டு, நாத்தனார் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.